பத்துத் தடவை மாடி ஏறியவனின் ரிவியூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தின் பெயர் இதில் வராது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு வரிசை, அதன் மேல்மாடியில் ஒரு கவுன்சலிங் அறை, அவ்வளவுதான் சொல்வேன். ரிவியூ எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஊரப் போட்டுக்கோங்க, கட்டடத்தப் போட்டுறாதீங்க" என்றார்கள். ஏன் என்று இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியப்போவதில்லை.

எங்களைப் போன்றவர்கள் என்றால், நான் திருநம்பி. திருநங்கை என்றால் நம் ஆட்களுக்கு உடனே தெரியும், திருநம்பி என்றால் பாதிப் பேர் ஏதோ ஆழ்வார் பெயர் என்று நினைக்கிறார்கள். பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள், நான் ஆண், அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் 'பெங்கிட்', ஆண் மாதிரி இருக்கிற பெண்ணை மலாயில் கேலியாகச் சொல்வது. அதை எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் இதைப் படிக்கிற சிலருக்கும் அதே பெயர்தான் இருந்திருக்கும்.

வயது 31. ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கிற கூண்டில் வேலை. குலை ஏற்றிக்கொண்டு உள்ளே வரும்போது ஒரு தடவை, கொட்டிவிட்டு வெறும் லோரியாக வெளியே போகும்போது ஒரு தடவை நிறுத்து டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். குலை அதிகம் விழுகிற மாதங்களில் இரவு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். போன வருஷ ஆரம்பத்தில் தூக்கம் போனது. பகலில் படுத்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்துவிடுவேன், நெஞ்சு இறுகும், கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன், பூட்டித்தான் இருக்கும், திரும்பப் படுத்தால் திரும்ப அதே. வீட்டுக்குப் போகிற நேர்வழியில் அடிக்கடி போலீஸ் ரோட் பிளாக் போடுவார்கள் என்பதால் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மோட்டாரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவேன். பதினான்கு கிலோமீட்டர் அதிகம். மழை பெய்தால் சகதியில் டயர் வழுக்கும். ஏன் சுற்றுகிறாய் என்று கேட்டவர்களிடம் காற்று வாங்க என்று சொன்னேன். விடியற்காலை ஏழு மணிக்கு, செம்பனைக்குள், காற்று.

இந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் மூன்று இடம் போயிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் இந்த இடத்துக்கு ஏன் இத்தனை நட்சத்திரம் கொடுக்கிறேன் என்று தெரியும்.

முதலில் அம்மா கூட்டிப்போனது ஒரு சாமி பார்க்கிறவரிடம். முந்நூறு வெள்ளி (ரிங்கிட்), கழுத்தில் ஒரு கயிறு, தலையைச் சுற்றி மூன்று எலுமிச்சம்பழம். அவருக்கும் ஒரு ரிவியூ எழுதலாம்: பழத்தில் நல்ல சாறு இருந்தது.

இரண்டாவது, வேறு ஊரில் படித்த ஒரு கவுன்சலர். தூக்கம் வரவில்லை என்று போனேன். ஐசியை, அதாவது அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சின்ன வயதில் யாராவது ஏதாவது செய்தார்களா, அப்பா அடிப்பாரா, அண்ணன் இல்லாத குறையைத் தீர்க்க இப்படி ஆனேனா என்று ஒரு மணி நேரம் தோண்டினார். கடைசியில், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்மா" என்றார். அந்த 'ம்மா' இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாவது ஆள் நல்லவர். உண்மையிலேயே நல்லவர், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்பார், "ரொம்ப தைரியம் உங்களுக்கு" என்று நாலு தடவை சொன்னார். நாலு அமர்வு, ஒவ்வொன்றும் நூற்றிருபது வெள்ளி. அந்த நாலிலும் நான் செய்தது அவருக்குப் பாடம் எடுத்தது: திருநம்பி என்றால் என்ன, ஹார்மோன் என்றால் என்ன, அப்படியென்றால் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், அம்மாவுக்கு எப்போது தெரியும். வீட்டுக்கு வரும்போது அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும், எனக்குத் தூக்கம் அப்படியேதான் இல்லாமல் இருக்கும். ஐந்தாவது அமர்வுக்குப் போகவில்லை. டியூஷன் எடுத்ததற்கு நான்தான் பீஸ் வாங்கியிருக்க வேண்டும்.

ஆக ஒருவர் எல்லாவற்றுக்கும் நான் திருநம்பியாக இருப்பதே காரணம் என்றார், இன்னொருவருக்கு அதைக் கேட்டு முடியவே நேரம் போதவில்லை. என் தூக்கத்தை யாரும் தொடவில்லை.

இந்த ஊரின் பெயரை நெட்டில் தட்டினால் 1948-தான் வரும். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டதும் அவசரகாலம் அறிவித்ததும். அப்புறம் இந்த ஊர்க்காரரான பழைய மந்திரி துன் சம்பந்தன் வருவார். மனநல ஆலோசகர் என்று தட்டினால் ஈப்போவைக் காட்டும், கூடவே திருநம்பி என்று சேர்த்துத் தட்டினால் கோலாலம்பூரைக் காட்டும், அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எனக்கு இந்த இடம் கிடைத்தது ஒரு திருநங்கை அக்கா மூலம். டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார், என் சட்டைகளுக்குத் தோள் பிடித்துக் கொடுப்பவர். "உனக்கு மூச்சு வாங்குது, கண்ணு கறுத்துப்போச்சு, போய்ப் பாரு, அந்தப் பிள்ள ஒன்னும் கேக்காது" என்று நம்பரை எழுதிக் கொடுத்தார்.

சரி, இடத்துக்கு வருவோம். படிக்கட்டு செங்குத்து, மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். வெளியே போர்டு இல்லை. உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மீன் தொட்டி, பழைய வார இதழ்கள். ஏர்கோன் இரண்டு நிலையில்தான் ஓடும்: ஒன்று கேமரன் மலை, இன்னொன்று ஆஃப். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

வரவேற்பில் இருக்கிற பெண் ஐசி கேட்டாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நம் மலேசிய ஐசியில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அது போதாது என்று இந்தியர்கள் பெயருக்கு நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி வேறு வரும். அனாக் லெலாக்கி, அனாக் பெரும்புவான். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். சீனனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவன் பெயர் அவன் பெயராகவே நிற்கும். என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே அந்த ஏ/பி ஒரு வேலிக்கம்பி மாதிரி நிற்கிறது. பேங்கில், கிளினிக்கில், போஸ்ட் ஆபீசில் யாராவது என் பெயரை முழுசாகக் கூப்பிட்டு நான் எழுந்து நின்றால் அந்த ஹாலே திரும்பிப் பார்க்கும்.

அவள் ஐசியில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள கூப்பிடறப்ப எந்தப் பேரு சொல்லணும்?" என்றாள். நிரப்பக் கொடுத்த பாரத்தில் அதற்கென்று ஒரு வரி இருந்தது. எழுதினேன். அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டாள். இதற்கு மட்டும் ஒரு முழு நட்சத்திரம்.

கவுன்சலர் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார். மாதம் இரண்டு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வருகிறார். நான் மிஸ் என்று கூப்பிடுவேன். என்ன பிரச்சினை என்று கேட்டார். தூக்கம், மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம் என்றேன். எப்போது தூங்குகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், ஷிப்ட் எப்படி என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில், "பைண்டர் போடறீங்களா? எத்தன மணி நேரம்?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பைண்டர் என்பது மார்பைத் தட்டையாக இறுக்கிக் கட்டுகிற உள்ளாடை. மூன்றாவது கவுன்சலரிடம் அதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இவர் எண்ணெய் விலை கேட்பது மாதிரி கேட்கிறார். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம், போக வர ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு அக்கா பிள்ளைகள் வருவார்கள் என்று கழற்றாமல் அப்படியே படுத்துவிடுவேன். கணக்குப் போட்டால் சில நாள் இருபது மணி நேரம். மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது, விலா எலும்பும் நுரையீரலும் விரிய இடம் வேண்டும், மூச்சு முட்டி எழுவதில் பாதி இதுவாக இருக்கலாம், இருந்தாலும் நெஞ்சு விஷயம் என்பதால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார். காட்டினேன். இதயத்தில் ஒன்றுமில்லை. படுக்கும்போது கழற்ற ஆரம்பித்து ஒரு வாரத்தில் மூச்சு முட்டி எழுவது பாதியாகக் குறைந்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். அன்பாக இருப்பது ஒன்று, தெரிந்திருப்பது ஒன்று. தெரிந்திருந்தால் அந்த ஒரு கேள்வி வாயில் வரும், தெரியாவிட்டால் எவ்வளவு அழுதாலும் வராது.

மீதிப் பாதிக்கு வேறு காரணம் இருந்தது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் எனர்ஜி டிரிங்க். ஒரு ஷிப்டுக்கு நாலு டின் குடிப்பேன். "இதுக்கும் நீங்க திருநம்பியா இருக்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நிறுத்துங்க" என்றார். இந்த மாதிரி ஆலோசனையை ஆங்கிலத்தில் அஃபர்மேட்டிவ் என்கிறார்கள். நம் அடையாளத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை மாற்றப் பார்க்காமல் நடத்துவது என்று பொருள். நான் போவதற்கு முன், நான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் சாமி போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. பத்து அமர்வில் இத்தனை தடவை நான் வேறு யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. ஆனால் நான் யார் என்பதில் மட்டும் ஒரு நாளும் கை வைக்கவில்லை.

இரண்டாவது அமர்வில் நானே கேட்டேன், இது மனநோயா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் என்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இருக்கிறதே, அதன் 11ஆவது பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எங்கள் விஷயத்தை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் ஆரோக்கியம் பற்றிய அத்தியாயத்தில் வைத்துவிட்டார்களாம். மருத்துவ உதவி கிடைக்கப் பட்டியலில் பெயர் வேண்டும், ஆனால் நோயாளி முத்திரை வேண்டாம் என்று அப்படிச் செய்தது என்றார். ஹார்மோன் வேண்டுமென்றால் முதலில் உங்களிடம் பாஸாக வேண்டுமா என்றும் கேட்டேன். எங்களைப் போன்றவர்களின் சிகிச்சைக்கென்று 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டியின் எட்டாவது பதிப்புப்படி, பெரியவர்களுக்குக் கவுன்சலிங் ஒரு கட்டாய நிபந்தனை இல்லை, வேண்டுமென்றால் கூட இருந்து உதவுவது என் வேலை என்றார். அதாவது கேட்டில் நிற்கிற ஜாகா (காவல்காரர்) வேலை பார்க்க அவர் வரவில்லை. ஜாகாவைப் பார்த்தால் பொய் சொல்லத் தோன்றும், உள்ளே போக வேண்டுமே. இவரிடம் பொய் சொல்ல அவசியம் வரவில்லை.

இப்போது ரோட் பிளாக். இதுதான் மீதிப் பாதி.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் ஒருபாலீர்ப்பாளர்களை வைத்து எழுதிய ஒரு கருத்து இருக்கிறது, பிறகு திருநர்களுக்கும், அதாவது திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும், அதை விரித்தார்கள். சிறுபான்மை அழுத்தம் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். நடந்த அவமானம் ஒரு பக்கம், அடுத்து எப்போது நடக்குமோ என்று எந்நேரமும் காத்திருப்பது ஒரு பக்கம், தெரிந்துவிடக் கூடாதே என்று மறைப்பது ஒரு பக்கம், ஊர் சொல்வதை நாமே நம்ப ஆரம்பிப்பது ஒரு பக்கம். இதெல்லாம் சேர்ந்து உடம்பில் ஏறுகிறது. மிஸ் இதைச் சொன்னபோது எனக்கு என் நிறுவைக் கூண்டுதான் ஞாபகம் வந்தது. குலையோடு வரும் லோரியின் எடையிலிருந்து வெறும் லோரியின் எடையைக் கழித்தால்தான் குலை எவ்வளவு என்று தெரியும். பத்து வருஷமாக நான் மொத்த எடையையும் லோரியின் எடை என்றே எழுதிவந்திருக்கிறேன். இதைச் சொன்னேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த ஆளிடம் சொல்லுவார் போல.

பயத்தை அவர் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது. "பயப்படாதீங்க, ஒன்னும் ஆகாது" என்று சொல்லவில்லை. எது உண்மையான ஆபத்து, எது உடம்பு தானாக அடிக்கிற சைரன் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதச் சொன்னார். எனக்கு ஷரியா சட்டம் பொருந்தாது, அது முஸ்லிம்களுக்கு; அதைக்கூட நான் சரியாகப் பிரித்துப் பார்க்காமல் பேப்பரில் வந்த கைதுச் செய்தி எல்லாவற்றையும் எனக்கே நடக்கப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன் 21ஆவது பிரிவில் வரும் 'அநாகரிக நடத்தை' எல்லோருக்கும் பொருந்தும், திருநங்கைகள் மேல் அதைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே பயம் முழுக்கக் கற்பனை இல்லை என்று அவரே சொன்னார். ஹெல்மெட்டும் லைசென்சும் ரோட் டாக்ஸும் சரியாக இருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனுக்கு அந்த ரோட்டில் என்ன நடக்கக்கூடும் என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பேசினோம். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது, யாருக்கு போன் செய்வது.

அப்புறம் படிப்படியாக. முதல் வாரம் ரோட் பிளாக் இல்லாத நேரத்தில் நேர்வழியில் போவது. அடுத்து, சம்பள நாளில் பேங்க் கவுண்டரில் ஐசி கொடுப்பது, மெஷினில் எடுக்காமல். ஆறாவது அமர்வுக்குப் பிறகுதான் ரோட் பிளாக்கே வந்தது, விளக்கு வைத்து நிறுத்தினார்கள். போலீஸ்காரர் ஐசியைப் பார்த்தார், என் தாடையில் இருக்கிற நாலு முடியைப் பார்த்தார், "இது நீயா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை பார்த்தார். போ என்று கையைக் காட்டினார். நூறு மீட்டர் தள்ளி மோட்டாரை ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்தேன். இது வெற்றியா என்று மிஸ்ஸிடம் கேட்டதற்கு, "வீட்டுக்கு எத்தன மணிக்குப் போனீங்க?" என்றார். ஏழே காலுக்கு. வழக்கமாக எட்டுக்குத்தான் போவேன்.

ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாளே, சுற்றி வளைக்காமல், "வாழ வேண்டாம்னு நினைப்பு வருதா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் பழைய பயம் ஒன்று இருந்தது, ஏனென்றால் நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு. யாரிடமாவது சொன்னால் போலீஸ் வருமோ என்று பேசாமலே இருந்த வருஷங்கள் எனக்கு உண்டு. 2023-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. இரவில் கனமாக இருந்தால் கூப்பிட பிஃப்ரெண்டர்ஸ் நம்பரை எழுதிக் கொடுத்தார், 03-76272929, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. இரண்டும் என் போனில் இருக்கிறது, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவை அழைத்துப்போனது எட்டாவது அமர்வில். அம்மா ஓய்வு பெறும்வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். கோயிலுக்குப் போவது மாதிரி சேலை கட்டி, ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். உள்ளே போனதும், "இவள கொஞ்சம் சொல்லி வைங்கம்மா" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மிஸ் அம்மாவைத் திருத்தவில்லை. "உங்க பிள்ளை" என்றே பேசினார். உங்க பிள்ளை நல்லா தூங்கறாங்களா, உங்க பிள்ளை சாப்பிடறாங்களா. நம் பேச்சில் 'நான் வந்தேன்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது, 'வந்தான் வந்தாள்' என்று அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொல்லும்போதுதான் சண்டையே. அதில் பிள்ளை என்ற சொல் எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பிறகு, குழந்தையாக இருந்தபோது எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். அம்மா யோசித்து, "வாடா கண்ணுன்னுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எல்லாத் தாயும் பெண் பிள்ளையை 'டா' போட்டுக் கொஞ்சுவதுதான், அதில் ஒரு ரகசியமும் இல்லை. இருந்தாலும் நான் பெரியவனானதும் அது நின்று 'டி' வந்ததும் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்னை உயர் நீதிமன்ற விஷயத்தை நான்தான் எடுத்துவிட்டேன். மதுரைப் பக்கத்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தனக்கே இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, 2021 ஜூனில், எங்களைப் போன்றவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவம் செய்வதைத் தடுத்துத் தீர்ப்புச் சொன்னார். அது இந்தியாவின் தீர்ப்பு, இங்கே செல்லாது. ஆனால் அம்மாவுக்குக் கோர்ட் என்றால் மரியாதை. "ஜட்ஜே கவுன்சலிங் போனாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "அவருக்கு எவ்வளவு பீஸு?" என்றார்.

பெரிய பேச்சு காது குத்தைப் பற்றி வந்தது. அக்காவின் சின்னக் குழந்தைக்குத் தை மாதம் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதாவது என்னைத் தவிர. அக்காவின் பெரியவன், ஐந்து வயது, என்னை யாரும் சொல்லித் தராமல் மாமா என்றுதான் கூப்பிடுகிறான், அம்மா சித்தி என்று திருத்திக்கொண்டே இருக்கிறார். "பெரியப்பா மவன் இருக்கான், அவன் உக்காருவான்" என்றார் அம்மா. மிஸ், "தாய்மாமன்னா என்னென்ன செய்யணும்மா? எனக்குத் தெரியாது, சொல்லுங்க" என்று கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ணினார். சீர் வைக்கணும், தோடு எடுக்கணும், அக்காவுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கணும். இதையெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்டார் மிஸ். அக்காவின் பிரசவத்துக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி நாற்காலியில் கிடந்தது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். பதில் சொல்லவில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்து மிஸ் பக்கம் தள்ளினார்.

மடி யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் அம்மா ஆசாரியிடம் தோடு செய்யக் கொடுத்துவிட்டு வந்து, பில்லை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

குறைகள் இருக்கின்றன, ஏராளம். பாரத்தில் பெயருக்கு வரி வைத்தவர்கள் அதற்குக் கீழே லெலாக்கி, பெரும்புவான் என்று இரண்டே கட்டம் வைத்திருக்கிறார்கள். மாற்றுகிறோம் என்று முதல் நாளே சொன்னார்கள், பத்தாவது தடவையும் அதே பாரம்தான். பாரம் தமிழிலும் இல்லை, அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். சுவர் மெல்லிசு. கீழே கடையில் சனிக்கிழமை மதியம் ஸ்பீக்கர் வைத்துவிடுவார்கள், அழுகிற நேரத்தில் குத்துப்பாட்டு வரும், ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்றாவது அமர்வில் வரவேற்பில் எனக்குப் பெண்கள் கழிவறைச் சாவியை எடுத்து நீட்டினாள். உடனே மாற்றிக் கொடுத்து, சாரி என்று ஒரு தடவை சொல்லி விட்டுவிட்டாள். பத்துத் தடவை சாரி சொல்லி என்னை ஆறுதல் சொல்ல வைக்கவில்லை, அதனால் பாதி நட்சத்திரம்தான் குறைக்கிறேன்.

மிஸ்ஸின் தமிழ் இடத்துக்கு இடம் ஓட்டை. "இந்த உணர்வ ப்ராசஸ் பண்ணுவோம்" என்றார் ஒரு நாள். ப்ராசஸ் பண்ணுவது எங்கள் ஆலையில்தான், குலையை நசுக்கி எண்ணெய் எடுப்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டார். ஷிப்ட் வாழ்க்கையும் அவருக்கு முதலில் பிடிபடவில்லை, ராத்திரி பத்து மணிக்குப் படுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ராத்திரி பத்துக்கு நான் லோரி நிறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு பகல் தூக்கத்துக்கு மாற்றி எழுதினோம்: ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, எழுகிற நேரம் தினமும் ஒன்று, இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து உட்காருவது. இது திருநர் விஷயமே இல்லை, தூக்கம் வராத யாருக்கும் சொல்வதுதான். எனக்கு அதுதான் பிடித்தது.

வீடியோ காலில் பேசலாம் என்பார்கள், நம்பாதீர்கள், ஆலைப் பக்கம் லைன் கிடைக்காது, முக்கியமான இடத்தில் மிஸ் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். மாதம் இரண்டே சனிக்கிழமை என்பதால் புதியவர்களுக்கு மூன்று வாரமாவது காத்திருப்பு.

பீஸ் ஐம்பது நிமிஷத்துக்கு எண்பது வெள்ளி, தோட்டம், ஆலை, பாக்டரி ஆட்களுக்கு ஐம்பது. சம்பளச் சீட்டு கேட்கவில்லை, வாயால் சொன்னதை நம்பினார்கள். அம்மாவோடு போனது ஒன்றரை மணி நேரம் ஓடியது, அதற்கும் ஐம்பதுதான் வாங்கினார்கள்.

வேறு ஊர்க்காரர்கள் என்றால், யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி பதிவு செய்தவர்தான் இங்கே தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் கேட்டபோது மிஸ் கோபப்படவில்லை, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: திருநர் யாருக்காவது முன்பு ஆலோசனை கொடுத்திருக்கிறீர்களா என்று. "எங்களுக்கு எல்லாரும் ஒன்னுதான்" என்று பதில் வந்தால் நான் என்றால் போனை வைத்துவிடுவேன். கோலாலம்பூர் போக முடிந்தவர்களுக்கு 1987 முதல் இருக்கிற பி.டி. ஃபவுண்டேஷன், திருநர்களே நடத்துகிற சீட் ஃபவுண்டேஷன் என்ற இரண்டு உதவி அமைப்புகளும் உண்டு, அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஐந்துக்கு நாலு. பாரத்தை மாற்றினால் நாலரை போடுகிறேன். தூக்கம் இப்போது ஐந்து மணி நேரம் வருகிறது, சில நாள் ஆறு. கதவை ஒரு தடவை மட்டும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நம்பர் வேண்டுகிறவர்கள் டவுனில் தையல் கடை அக்காவைக் கேளுங்கள். ஆள் பார்த்துத்தான் கொடுப்பார். ஒரு சட்டைத் துணியோடு போனால் பேச்சை ஆரம்பிக்கச் சுலபம்.